இரண்டாம் முறை கண்ட இருள் மாளிகை



நல்ல நூலை மறுமுறை படிப்பவர் உண்டு. கேட்ட கீர்த்தனையைப் பன்முறை கேட்டு இன்புறுவோரும் உண்டு. ஆனால் முடிவு முழுவதும் தெரிந்த ஒரு மர்மக் கதையை, அதுவும் ஆயிரத்து இருநூறு பகுதிகளுக்கு மேல் நீளும் ஒரு தொலைக்காட்சித் தொடரை, மீண்டும் அமர்ந்து பார்ப்பவர் உளரோ என்று நீங்கள் வினவலாம். உளர். நானும் அவர்களுள் ஒருவன்.

நான் குறிப்பிடும் தொடரின் பெயர் ‘டார்க் ஷேடோஸ்’; ‘கரிய நிழல்கள்’ என்பது பொருள். டான் கர்ட்டிஸ் என்பார் உருவாக்கிய இத்தொடரை அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, நாள்தோறும் அரை மணி நேரம் ஒளிபரப்பியது.

அமெரிக்க வானொலியில் 1930-களில் பகல் வேளைகளில் குடும்பக் கதைகள் தொடராக ஒலிபரப்பாயின. இல்லத்தரசிகளை நோக்கிய அந்நிகழ்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் சோப்புத் தயாரிப்பாளர் பலர் இருந்தமையின், அவற்றுக்குச் ‘சோப்பு நாடகம்’ என்னும் கேலிப்பெயர் அமைந்தது. பின்னர்த் தொலைக்காட்சியும் அம்மரபை ஏற்றுக்கொண்டது. ‘காதிக்’ மரபு என்பது இதனினும் மிகப் பழையது. ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்னும் நாவலிலிருந்து அது தொடங்கியதாகக் கூறுவர். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, முன்னோரின் பாவம், தனித்து வந்து சேரும் இளம்பெண் ஆகியவை அதன் உறுப்புகள். இவ்விரு மரபுகளையும் ஒன்று சேர்த்ததே டார்க் ஷேடோஸின் புதுமை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் தில்லியில் பணியேற்ற புதிதில், நண்பர் ஒருவர் இத்தொடரின் குறுந்தகடுகளை எனக்கு இரவல் தந்தார். அத்தகடுகள் கதையின் தொடக்கத்திலிருந்து தொடங்கவில்லை. 1967 ஏப்ரலில் பர்னபாஸ் காலின்ஸ் என்னும் இரத்தம் குடிக்கும் பிரேதம் சவப்பெட்டியிலிருந்து எழும் கட்டத்திலிருந்தே தொடங்கின. அவன் வருமுன் தொடருக்கு ஆதரவு குறைவாக இருந்தது. அவன் வந்த பின்னரோ பள்ளிப் பிள்ளைகள் அவனைக் காண வீட்டிற்கு ஓடி வந்தனர். ஆதலின் வெளியிட்டோர் அவன் வருகையையே வாயிலாகக் கொண்டனர் போலும். அதற்கு முந்திய இருநூற்றுச் சொச்சம் பகுதிகள் பின்னரே தகடுகளாயின. அவற்றையும் பெற்று, இம்முறை முதற்பகுதியிலிருந்து பார்த்தேன்.

முதற்காட்சியில் ஓர் இளம்பெண் இரவு ரயிலில் அமர்ந்திருக்கிறாள். விக்டோரியா வின்டர்ஸ் என்பது அவள் பெயர். நியூயார்க்கில் அநாதை விடுதி ஒன்றில் வளர்ந்தவள். மேய்ன் மாநிலத்துக் கடற்கரையில், தான் கண்டறியாத குடும்பத்தில், ஒரு சிறுவனுக்கு ஆசிரியையாகச் செல்கிறாள். ஊர் விட்டு ஊர் வந்து, நள்ளிரவில் அறியாத ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியோடு இறங்கிய அனுபவம் உங்களுள் பலருக்கு உண்டு. அக்காட்சி உங்களுக்கு அந்நியமாக இராது.

முன்பு நான் காணத் தவறியவற்றுள் தலையாயது எலிசபெத் காலின்ஸ் ஸ்டாடர்ட் என்னும் மாளிகைத் தலைவியின் கதை. திரைப்பட நட்சத்திரமாகப் புகழ்பெற்றிருந்த ஜோன் பென்னெட் இவ்வேடத்தை ஏற்றார். எலிசபெத் பதினெட்டு ஆண்டுகளாக வீட்டு எல்லையைத் தாண்டியதில்லை. நிலவறையில் ஓர் அறை எப்பொழுதும் பூட்டியே இருக்கும். தன் கணவனைத் தானே கொன்றுவிட்டதாகவும், அவன் உடல் அங்கே புதைந்திருப்பதாகவும் அவள் நம்பியிருந்தாள். உண்மையில் கணவன் சாகவில்லை. அவனுடைய கூட்டாளி சொன்ன பொய்யை மெய்யெனக் கொண்டு பதினெட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்தாள் அவள். இது 1967-இன் நடுப்பகுதியில் வெளியாகிறது. முடிவு அறிந்து முதற்பகுதிகளைப் பார்க்கும்போது, நிலவறைச் சாவியை அவள் காக்கும் விதமும், அழைப்புகளை மறுக்கும் நயமும் வேறு பொருள் தருகின்றன. இறுமாப்பு என்று பிறர் எண்ணியது அச்சம். காவலன் இல்லாத சிறைக்குக் காவலாக அவளே நின்றாள்.

அடுத்தது அந்த ஓவியம். மாளிகைக் கூடத்தில் வாயிலருகே தொங்கும் பர்னபாஸின் படம் ஆதிகாலம் தொட்டு அங்கிருப்பது போல் பின்னர்த் தோன்றும். தொடக்கப் பகுதிகளில் அஃது அங்கில்லை! கதையாசிரியர்களுக்கே அவன் நினைவு அப்போது எழவில்லை. 1967 நவம்பரில் கதை 1795-ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் சென்றபோது, அதே நடிகர்கள் முன்னோராக வேடமிட்டனர். பர்னபாஸ் கவர்ந்து சென்று தன் பழைய காதலி ஜோசெட்டாக மாற்ற முயன்ற மேகி என்னும் பெண்ணாக நடித்த கேத்ரின் லீ ஸ்காட்டே அந்த ஜோசெட்டாகவும் தோன்றினார். இதை அறிந்து பார்த்தால், முந்திய கொடுமையில் ஒரு துயரமும் கலந்திருப்பது புலனாகும்.

இனி, பிழைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது பெருஞ்செலவு. ஆதலின் ஒவ்வொரு பகுதியையும் மேடை நாடகம் போல் ஒரே ஓட்டத்தில் நடித்துப் பதிவு செய்தனர். தவறு நேர்ந்தால் பெரும்பாலும் அப்படியே ஒளிபரப்பாகும். ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழும். கதவைச் சாத்தினால் மாளிகைச் சுவரே ஆடும். பர்னபாஸின் முகத்தில் ஈ ஒன்று வந்து அமரும். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குப் பிழை காண்பதே பிழைப்பு. முதல்முறை பார்த்தபோது ஒரு குறிப்பேட்டில் இவற்றை வரிசையாக எழுதி வைத்தேன். பர்னபாஸாக நடித்த ஜொனாதன் ஃப்ரிட் வசனத்தை மறந்து திகைக்கும் இடங்களே அதில் மிகுதி.

சில ஆண்டுகள் கழிந்தபின் ஒரு கூட்டத்தில், முன்னறிவிப்பின்றி ஓர் உரையை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் பணி எனக்கு வந்தது. நடுவில் ஒரு சொல் அகப்படவில்லை. நான் நின்றது சில நொடிகளே. ஆனால் அந்நொடிகளில் அவையில் எழுந்த மெல்லிய சிரிப்பு இன்றும் என் செவியில் உள்ளது. அதன்பின் அத்தொடரை மீண்டும் பார்த்தபோது, பழைய குறிப்பேட்டைத் திறக்க மனம் வரவில்லை.

ஃப்ரிட் கனடாவில் ஹாமில்டன் நகரில் 1924-இல் பிறந்தவர்; ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பயின்றவர். சில வாரங்களுக்கென்று வந்தவரை மக்கள் ஆதரவு ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிட்டது. நாள்தோறும் புதிய வசனம். நடிப்பதற்கு ஒரே வாய்ப்பு. அவர் கண்கள் வசனம் காட்டும் கருவியைத் தேடுகின்றன, குரல் தயங்குகிறது, பின்னர்ச் சொல் கிடைத்துவிட்ட ஆறுதலில் தலை நிமிர்கிறது. அத்தயக்கமே, மனிதரிடையே மனிதனாக நடிக்க முயலும் ஒரு பிரேதத்தின் தவிப்பாக நமக்குப் படுகிறது. பிழை பாத்திரத்தோடு கலந்துவிட்டது. அவர் 2012-இல் மறைந்தார்.

இத்தொடர் நம் கைக்கு வந்ததே ஒரு வியப்பு. அந்நாளில் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். இதில் ஒரே ஒரு பகுதிதான், 1219 எண்ணுடையது, காட்சியாகக் கிடைக்கவில்லை. ரசிகர் ஒருவர் வீட்டில் பதிவு செய்த ஒலியைக் கொண்டு அதை மீட்டமைத்துள்ளனர். இறுதிப் பகுதியின் எண் 1245. உண்மையில் எடுத்தவை 1225. ஒளிபரப்புத் தடைப்பட்ட நாள்களுக்கும் எண்ணைத் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமைப் பகுதி எப்போதும் ஐந்தால் வகுபடுமாறு பார்த்துக்கொண்டனர்.

முடிவாக ஒன்று. விக்டோரியாவின் பெற்றோர் யாவர்? அவள் வளர்ந்த விடுதிக்கு மேய்னின் பாங்கர் நகரிலிருந்து மாதந்தோறும் பணம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அதை அறியவே அவள் அப்பணியை ஏற்றாள். அவ்வேடம் தாங்கிய அலெக்சாண்ட்ரா மோல்ட்கே 1968-இல் விலகினார். வினாவுக்கு விடை கூறாமலே தொடர் முடிந்தது. முதல்முறை இது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. இம்முறை நான் எலிசபெத்தின் முகத்தையே கவனித்தேன். விக்டோரியா தன் பிறப்பைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவள் பார்வை ஒரு கணம் விலகுகிறது. எழுதியவர்கள் சொல்லாமல் விட்டதை அந்தப் பார்வை சொல்லிவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

இளமையில் கண்டு, சிரித்து, ஒதுக்கிய நாடகமோ படமோ உங்களுக்கும் ஒன்று இருக்கும். வாய்ப்பு நேரும்போது அதை மறுமுறை பாருங்கள்.