காற்றாலை வாங்கிய ஊராட்சி

மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஓடந்துறை ஊராட்சி 2006-இல் ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் திறன், விலை சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய். ஏறக்குறைய 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். 2070-க்குள் இந்தியாவின் நிகர கார்பன் உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று பிரதமர் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது 2021-இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே ஓடந்துறையைக் காற்றாலையில் இறக்கியது பருவநிலைக் கவலை அல்ல, ஏறிக்கொண்டே போன கரண்ட் பில். குடிநீர்த் திட்டம் வந்தபின் மோட்டார் செலவு கட்டுபடியாகவில்லை. தலைவர் சண்முகம் பத்தாண்டுகள் தொடர்ந்து பதவியில் இருந்ததால், இந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்க முடிந்தது. செலவைச் சுமப்பவர், பணத்தை வைத்திருப்பவர், முடிவெடுப்பவர் மூவரும் ஒருவராகவே இருக்கும்போது உள்ளாட்சி தானாகவே பசுமைப் பக்கம் நகர்கிறது. மூன்றையும் வெவ்வேறு கைகளில் பிரித்து வைத்துவிட்டு இலக்கை மட்டும் உள்ளாட்சியின் தலையில் கட்டினால் ஒன்றும் நடக்காது.

ஒரு காற்றாலை நாட்டின் உமிழ்வில் எம்மாத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழு 2020-இல் இதைக் கணக்கிட்டது. உள்ளாட்சிகளின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருப்பது அங்கே மொத்த உமிழ்வில் 2 முதல் 5 சதவீதமே. ஆனால் அவற்றின் முடிவுகள் பாதிக்கக்கூடிய உமிழ்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வீட்டுமனை எங்கே விரிகிறது, பேருந்து எதுவரை போகிறது, குப்பை மட்கிறதா அல்லது மலையாகக் குவிந்து மீத்தேன் விடுகிறதா என்பதெல்லாம் அந்தப் பங்கில் சேரும். நகராட்சி அலுவலகக் கூரையில் சூரியத்தகடு பொருத்துவது படம் எடுக்க நன்றாக இருக்கும். அந்த அலுவலகத்தில் கையெழுத்தாகும் கட்டட அனுமதிகளின் விளைவோ ஐம்பது ஆண்டுக்கு நிற்கும்.

கோபன்ஹேகனை எதிர்வாதமாகக் காட்டுவோர் உண்டு. 2025-க்குள் கார்பன் சமநிலை என்று முரசறைந்த அந்த நகரம், 2022-இல் அந்த இலக்கு எட்டாது என ஒப்புக்கொண்டது. குப்பை எரிக்கும் ஆலையின் புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு அரசு நிதி கிடைக்கவில்லை என்பதே காரணம். ஆனால் அதற்குள்ளேயே, 2005-ஐ ஒப்பிட நகரின் உமிழ்வு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை நகரம் முழுக்க ஓடும் பொது வெந்நீர்க் குழாய்களில்தான் குளிர் காய்கின்றன. அந்தக் குழாய் வலையைத் திட்டமிடும் அதிகாரத்தை டென்மார்க் 1979-இலேயே சட்டம் போட்டு நகராட்சிகளிடம் கொடுத்தது. அதிகாரம் கையில் இருந்த இடத்தில் நகரம் ஜெயித்தது. அடுத்தவர் பணத்தை எதிர்பார்த்த இடத்தில் சறுக்கியது.

குப்பையையே ஒழுங்காக அள்ளாத நம் உள்ளாட்சிகளிடம் பருவநிலைப் பொறுப்பையும் ஒப்படைப்பதா என்பது இதைவிடக் கடுமையான ஆட்சேபம். ஊழல், ஆள் பற்றாக்குறை, காலி கஜானா எல்லாம் உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் பெரும்பாலான ஊராட்சிகள் 2019 இறுதி வரையும், மாநகராட்சிகள் 2022 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் கிடந்தன. பழக விடாமலேயே திறமை இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணை மரபுசாரா எரிசக்தியை ஊராட்சிகளுக்குரிய துறைகளில் சேர்த்திருக்கிறது. நகரங்களுக்கான 12-வது அட்டவணையில் எரிசக்தி இல்லை, தெருவிளக்கு மட்டும் இருக்கிறது. அதிக மின்சாரம் செலவழிக்கும் இடத்துக்கு இப்படியொரு விசித்திரமான விதிவிலக்கு!

சென்னைக்கான பருவநிலைச் செயல்திட்டம் 2023-இல் வெளியானது. நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்கும் இலக்கு நாட்டுக்கு 2070 என்றால் சென்னைக்கு 2050. ஆனால் நகரப் பேருந்து மாநில அரசின் போக்குவரத்துக் கழகத்திடம், மின்சாரம் மின்வாரியத்திடம், நகரத்தின் முழுமைத் திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். மாநகராட்சியின் கையில் முழுதாக இருக்கும் பெரிய உமிழ்வு என்று பார்த்தால் குப்பைதான். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது. அதோடு புதிய ஈரக்கழிவு அங்கே போய்ச் சேராமல் வார்டிலேயே மட்க வைக்க முடிந்தால், அதற்கு மாநகராட்சி வேறு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.