முயல்குட்டிக்கு ஏன் இந்தக் கோபம்?

கூண்டுக்குள் கையை விட்டதும் உங்கள் முயல்குட்டி உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடிக்கிறதா? நேற்றுவரை மடியில் கிடந்த குட்டியாயிற்றே என்று மனம் வாடாதீர்கள். நான்கைந்து மாதத்தில் முயல் பருவத்துக்கு வந்துவிடும். கூண்டும் தட்டும் தன்னுடையவை என்று காவல் காக்கத் தொடங்கும். மோவாய்க்கு அடியில் அதற்கு வாசனைச் சுரப்பி உண்டு. அதை நாற்காலிக் காலில் தேய்த்துத் தேய்த்து, 'இது என் இடம்' என்று அடையாளம் வைக்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள், பயந்தால் இன்னும் கடிக்கும். அது வெளியே உலாவும்போது கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். பழைய வைக்கோலில் ஒரு பிடியைத் திரும்பப் போட்டால், தன் வாசனை இருக்கிறதே என்று அமைதியாகும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சில வாரங்களில் இந்த வேகம் தணியும். அதற்கு, முயல்களுக்குச் சிகிச்சை செய்து பழகிய கால்நடை மருத்துவரிடமே போங்கள்.