மூடிதானே என்று ஒட்டிவிட்டுப் பறக்காதீர்கள்

அமெரிக்காவில் சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலையில் பாதிக்கு மேல் கற்றுக்கொள்ளவும் பொழுதுபோக்குக்காகவும் நாமே செய்திருந்தால் ‘எக்ஸ்பெரிமென்டல்’ வகைச் சான்று கிடைக்கும். அப்படிக் கட்டிய விமானத்தில் பிறகு மாற்றம் செய்ய மெக்கானிக் லைசென்ஸ்கூடத் தேவையில்லை. இந்தச் சலுகையைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சனிக்கிழமை சக்கரத்துக்கு ஃபைபர்கிளாஸ் கூடு (ஃபேரிங்) ஒட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பரையும் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டு, வேகம் கூடிவிட்டது என்று ஹேங்கரில் பெருமை பேசுகிறார்கள். லாக்புக்கில் ஒரு வரி இருக்காது. கேட்டால், “வெறும் மூடிதானே சார்!”

வெறும் மூடியா என்பதை அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-வின் விதி 21.93 சொல்லும். எடை, சமநிலை, வலிமை, நம்பகத்தன்மை, இயக்கத் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடும்படி பாதிக்காதது சிறு மாற்றம். மற்றதெல்லாம் பெரிய மாற்றம். வேகம் கூட வேண்டும் என்றுதானே ஃபேரிங் செய்தீர்கள்? கூடிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, விமானத்தின் தன்மை மாறவே இல்லை என்று அதிகாரியிடம் எப்படி வாதாடுவீர்கள்? இறக்கை நுனியில் ஒரு சின்ன மூடி சிறு மாற்றமாகவே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பறக்கும் முன்பே கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் எஃப்ஏஏ-வின் உள்ளூர் ஃபிளைட் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகம். அதற்கு முன், விமானத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டிய ‘ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸ்’ தாள்களை எடுத்துப் படியுங்கள். அவை வழங்கப்பட்ட ஆண்டைப் பொறுத்து வாசகம் மாறும். நண்பருடைய விமானத்தின் தாள் உங்களுக்குச் செல்லாது. பெரிய மாற்றம் செய்தால் சோதனைப் பறப்புப் பகுதியைத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்று பல தாள்களில் இருக்கும். கடிதத்தில் பதிவு எண், மாடல், சீரியல் எண், என்ன மாற்றினீர்கள், எவ்வளவு எடை கூடியது, எந்த விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் பறப்பீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில அலுவலகங்களில் கடிதம் வாரக்கணக்கில் தூங்கும். போன் செய்தால் “பரவாயில்லை, பறங்க” என்பார்கள். அந்தப் ‘பரவாயில்லை’ விபத்துக்குப் பின் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மின்னஞ்சலில் இரண்டு வரியாவது வாங்கி லாக்புக்கோடு வையுங்கள்.

பறக்கும் முன்பே மாற்றத்தை லாக்புக்கில் விவரமாக எழுதிவிடுங்கள். விமானத்தை மறுபடி எடைபோட்டு சமநிலைத் தாளையும் திருத்துங்கள். சோதனை பகலில், தெளிவான வானிலையில், மக்கள் நெருக்கமில்லாத பகுதியில் நடக்க வேண்டும். பல தாள்களில் இதற்குக் குறைந்தது 5 மணி நேரம். சோதனைக்குத் தேவையில்லாத ஆளை ஏற்றக் கூடாது. முடிந்ததும், விமானம் வழக்கமான எல்லா வேகத்திலும் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அபாயத் தன்மை எதுவும் இல்லை என்று 91.319(b) விதியைக் குறிப்பிட்டுச் சான்றெழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தக் கையெழுத்து விழும்வரை நண்பரை ஏற்றாதீர்கள்.

ஏர்ஸ்பீட் முள்ளை நம்பி வேகத்தைச் சொல்லாதீர்கள். புதிய ஃபேரிங் ஸ்டாட்டிக் துளைக்கு அருகில் இருந்தால் அங்கே காற்றழுத்தம் மாறும். அழுத்தம் குறைந்தால் முள் உண்மையைவிடக் கூடுதல் வேகத்தைக் காட்டும். பெருமைக்கு அது இனிக்கும். இறங்கும்போது நீங்கள் ஸ்டாலுக்கு நெருக்கமாகப் பறந்துகொண்டிருப்பீர்கள், முள்ளோ எல்லாம் சரி என்னும். ஒரே உயரத்தில், ஒரே பவரில், மூன்று வெவ்வேறு திசைகளில் ஓட்டி ஜிபிஎஸ் வேகத்தை எடுத்து, காற்றின் பங்கைக் கழித்துப் பாருங்கள். ஃபேரிங் மேல் கம்பளி நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டி வீடியோ எடுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்தாலோ முன்பக்கமாகத் திரும்பினாலோ அங்கே வடிவம் சரியில்லை.

சக்கரக் கூட்டுக்குள் டயருக்கு எல்லாப் பக்கமும் போதிய இடைவெளி விடுங்கள். சேறும் கல்லும் அடைத்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே நெடுந்தூரம் டாக்ஸி செய்யாதீர்கள். கூடு சூட்டைப் பிடித்து வைக்கும், பிரேக் திரவம் தீப்பிடிக்கலாம்.

ஃபேரிங் செய்யும் இடத்திலும் அலட்சியம்தான். நீல, இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் பாலிஸ்டைரீன் நுரைப் பலகைமேல் பாலியஸ்டர் ரெசின் ஊற்றினால், ரெசினிலுள்ள ஸ்டைரீன் அந்த நுரை அச்சையே கரைத்துவிடும், எப்பாக்ஸிதான் சரி. யூரிதேன் நுரையைச் சூட்டுக் கம்பியால் அறுக்கவே கூடாது, வருவது நச்சுப்புகை. கலந்த எப்பாக்ஸியைக் கோப்பையில் அப்படியே விட்டால் தானாகச் சூடேறிப் புகையும். மிச்சத்தை அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசிட்டோனால் துடைக்காதீர்கள். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் போகாது. பாலியஸ்டரைக் கெட்டியாக்கும் எம்இகேபி ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே நச்சு உதவி எண் 1-800-222-1222 ஐ அழையுங்கள். தேய்க்கும்போது தூசி முகக்கவசம் கட்டாயம். ரெசின் வாடைக்கு அது போதாது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும்.

லிமிடேஷன்ஸ் தாள் தொலைந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஓக்லஹோமா சிட்டியில் எஃப்ஏஏ-வின் விமானப் பதிவுக் கிளை இருக்கிறது. உங்கள் பதிவு எண்ணைக் கொடுத்து விமானக் கோப்பின் நகலைக் கேளுங்கள். வழக்கமாக அதிலேயே இருக்கும். இல்லையென்றால் உள்ளூர் அலுவலகத்தில் மாற்றுத் தாள் கேட்டு எழுதுங்கள். தாள் கைக்கு வரும்வரை விமானம் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.