இரண்டு கதவு, நான்கு ஆசனம்: பின்னால் இருப்பவர் எப்படி இறங்குவது?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கலவுக்குப் போகும் வீதி றிவர்ஸ்ரன் மலையில் ஏறி, பிட்டவல பத்தனையைக் கடந்து, இலுக்கும்புறவுக்கு இறங்கி, பல்லேகமவை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. எதிரே பஸ் வந்தால் பல இடங்களில் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரம் தண்ணீருக்குள் போய், மக்கள் புதிய நகரத்தில் குடியேற்றப்பட்ட பிறகு அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு மற்றவர்களின் இடப்பெயர்வைப் பற்றியும் அறிய ஓர் ஆவல் இருக்கத்தான் செய்கிறது.

நான்கு பேர் போனோம். மாத்தளை நண்பர் ஒருவர் தன்னுடைய காரில் கூட்டிச்சென்றார். 90களில் யப்பானிலிருந்து வந்த, கூரை தாழ்ந்த, இரண்டு கதவுக் கார். ஆசனங்கள் நான்கு. என் சின்னம்மாவின் மகனுக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார். “முன்னுக்கு அக்கா இருக்கட்டும், எனக்குப் பின்னால காணும்” என்று சொல்லி, எப்படியோ குனிந்து வளைந்து உள்ளே போய்விட்டார். நானும் அவரோடு பின்னால் ஏறினேன்.

றிவர்ஸ்ரனில் தேநீர் குடிக்க நிறுத்தியபோதுதான் பிரச்சினை தொடங்கியது. அக்கா இறங்கி, முன் ஆசனத்தை மடக்கிவிட்டார். தம்பியால் வெளியே வர முடியவில்லை. செயற்கைக் காலின் சப்பாத்து முன் ஆசனத்தின் தண்டவாளத்துக்குள் சிக்கிவிட்டது. இழுத்தால் முழங்கால் மடியவில்லை. மடித்தால் எழும்ப முடியவில்லை. கடைசியில் அவர் சாரத்துக்குள் கையைவிட்டுக் காலைக் கழற்றினார். அதை அக்காவிடம் நீட்டினார். பிறகு ஒற்றைக் காலில், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வீதியோரம் நின்ற சுற்றுலாப் பயணிகள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்வரை அவ்வளவாகப் பேசவும் இல்லை.

இத்தகைய கார்களை ஆங்கிலத்தில் ‘கூப்பே’ என்பார்கள். பிரெஞ்சு மொழியில் ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக ஆட்கள் அமரும் பெரிய வண்டியின் ஒரு பகுதியை வெட்டி, ஒரே வரிசை ஆசனத்தோடு செய்த சிறிய வண்டிக்கு வைத்த பெயர் அது. பின்னர் மோட்டார் கார்களிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே பின்னிருக்கை என்பது இந்த வகைக் காரின் பிறப்பிலேயே இல்லாத ஒன்று. பிற்பாடு ஒட்டவைத்த ஒன்று. ஒட்டவைத்ததற்குக் காரணமும் உண்டு. இரண்டே ஆசனமுள்ள காரைக் குடும்பக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள். பின்னால் இரண்டு சிறிய ஆசனத்தை வைத்துவிட்டால் ‘பிள்ளைகளும் வரலாம்’ என்று வீட்டில் சொல்லலாம். 1960களிலிருந்து வரும் போர்ஷே 911இன் பின் ஆசனங்களில் வளர்ந்தவர்கள் அமர்வதைவிட, அவற்றின் முதுகை மடித்துப் பைகளை வைப்பதே வழக்கம்.

இடம் எங்கே போகிறது? கூரை அழகாகச் சரிந்து பின்னோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவு இறங்குவது சரியாகப் பின்னால் இருப்பவரின் தலைக்கு மேல். பின் சக்கரங்களுக்குப் போகும் சுழல்தண்டுக்காகத் தரையின் நடுவே ஒரு மேடு. சக்கரக் கூடுகள் இரு பக்கமும் இடுப்பை நெருக்கும். எண்ணிக்கையில் சொல்வதானால், 2012இல் வந்த ரொயோட்டா 86இல் முன்னால் கால் நீட்ட ஏறத்தாழ 42 அங்குலம் இருக்கிறது. பின்னால் 30 அங்குலம்கூட முழுதாக இல்லை. அதே நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற 2014 கொரோலாவின் பின் ஆசனத்தில் 41 அங்குலத்துக்கு மேல் உண்டு.

ஆனால் இடத்தைவிடக் கதவுதான் பெரிய விடயம் என்பது றிவர்ஸ்ரனில்தான் எனக்கு விளங்கியது. நான்கு கதவுக் காரில் நாம் எப்படி ஏறுகிறோம் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் காருக்கு முதுகைக் காட்டி, ஆசனத்தின் விளிம்பில் இருக்கிறோம். பிறகு இரண்டு காலையும் தூக்கி உள்ளே திருப்புகிறோம். முழங்கால் வலிக்காரர், வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சி, செயற்கைக் கால் போட்டவர், முதுகில் செல் துண்டு இருப்பவர் எல்லாரும் இப்படித்தான் ஏறுவார்கள். உடம்பின் பாரம் முதலிலேயே ஆசனத்தில் இறங்கிவிடும். காலைக் கையாலும் தூக்கி வைக்கலாம்.

இரண்டு கதவுக் காரின் பின்னிருக்கையில் இது நடக்காது. மடக்கிய முன் ஆசனத்துக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வாசலால் தலையை முன்னே நீட்டி, ஒரு காலை உள்ளே வைத்து, அந்தக் காலிலேயே முழுப் பாரத்தையும் தாங்கி, உடம்பைத் திருப்பி, பின்பு இருக்கவேண்டும். பாதி குந்திய நிலையில் ஒற்றைக் காலில் திரும்புவது. இறங்கும்போது இன்னும் மோசம்: தாழ்ந்த பள்ளத்திலிருந்து குனிந்தபடியே எழும்ப வேண்டும். பிடிக்க இருப்பது மடங்கி ஆடுகிற முன் ஆசனத்தின் தோள் மட்டும். போதாததற்கு முன் ஆசனத்தின் பாதுகாப்புப் பட்டி வாசலுக்குக் குறுக்கே தொங்கும். முழங்காலுக்கு மேலே இழந்த ஒருவருக்குச் செயற்கை முழங்கால் தான் நினைத்த கோணத்தில்தான் மடியும். நாம் நினைத்த கோணத்தில் மடியாது.

கதவின் நீளமும் இங்கே சேர்கிறது. பின்னாலும் ஆள் போகவேண்டும் என்பதால் கதவை நீட்டிச் செய்வார்கள். நெருக்கமாக நிறுத்திய இரண்டு வாகனங்களுக்கு நடுவில் அந்த நீண்ட கதவு பாதிதான் திறக்கும். பின் கண்ணாடிகள் பெரும்பாலும் திறக்காது. மலைப்பாதையில் முன்னால் வரும் வளைவும் தெரியாமல், காற்றும் இல்லாமல் பின்னால் இருப்பவருக்கு வாந்தி வருவது ஆச்சரியமில்லை.

எங்கள் ஊரில் இரண்டு கதவுக் கார் புதிதல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர் முதலில் இரண்டு கதவுகளோடுதான் வந்தது; நான்கு கதவு 1950இல்தான். மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிசுக்கு அது ஒடுங்கியதாகப் பட்டது. அதை நடுவால் பிளந்து, இரு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டச் சொன்னார். மொறிஸ் மைனரின் மூடியின் நடுவே ஓடும் அந்தத் தட்டையான பட்டி அதன் தழும்பு. உள்ளே மூன்று பேர் தோளோடு தோள் இருக்க முடிந்ததில் அந்த 4 அங்குலத்துக்குப் பங்கு உண்டு. கூரையும் உயர்ந்து வளைந்தது. கூப்பே போல் பின்னால் சரியவில்லை.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமருந்தானபோது, மொறிசும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேட்டரில் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு பெரியப்பாவின் இரண்டு கதவு மொறிசில் நாங்கள் ஏழு பேர். அம்மம்மாவை முதலில் ஏற்றிப் பின் ஆசனத்தின் மூலையில் வைத்தார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் மனித வெள்ளம் அடிக்கணக்கில் நகர்ந்தது. மற்றவர்கள் இறங்கி நடந்தோம், தள்ளினோம், திரும்ப ஏறினோம். அம்மம்மா மட்டும் இறங்கவில்லை. இறக்கினால் திரும்ப ஏற்ற முடியாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சிறுநீர் கழிக்கக்கூட அவரை இறக்கவில்லை. ‘ஏழு பேர் வந்த கார்’ என்று பெரியப்பா பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அம்மா பேசாமல் எழும்பிப் போய்விடுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க உற்பத்தியாளர்கள் முயலாமல் இல்லை. 2003இல் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8இல் பின்னால் இரண்டு சிறிய கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். நடுவே தூண் இல்லாததால் வாசல் அகலம். ஆனால் முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறக்க முடியாது. முன்னால் இருப்பவர் மயங்கிவிட்டால் பின்னால் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். 2011இன் ஹியுண்டாய் வெலொஸ்ரர் சாரதியின் பக்கம் ஒரு கதவும் மறுபக்கம் இரண்டு கதவுகளும் வைத்தது. என் பார்வையில் அதுவே நேர்மையான தீர்வு. பார்க்கச் சற்றுக் கோணல், ஆனால் பின்னால் இருப்பவர் யாருடைய தயவும் இல்லாமல் தானே இறங்கலாம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்த பிறகு, பழைய கார்ச் சந்தையும் சூடுபிடித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் காசில் இரண்டு கதவுக் கார் வாங்க நம்முடைய பெடியளுக்கு விருப்பம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் அப்படி வாங்கிவிட்டு, அம்மா அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேறு காரைத் தேடுகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஆசையைக் குறை சொல்ல வரவில்லை. வாங்குமுன் வீட்டில் மெதுவாக நடக்கும் ஆளையும் கூட்டிப்போங்கள். காரைச் சுவரோரம் நிறுத்தி, கதவைப் பாதி மட்டும் திறந்து, அவரைப் பின்னால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முன் ஆசனம் மடங்குவதோடு முன்னோக்கி நகரவும் வேண்டும். மடக்கும் நெம்புகோல் பின்னால் இருப்பவரின் கைக்கும் எட்டவேண்டும். நிமிர்த்திய முதுகு பூட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் இந்தப் பூட்டு இல்லை. திடீரென்று பிறேக் போட்டால் ஆசனம் முன்னால் இருப்பவரோடு சேர்த்து மடங்கும்.

உடலில் காயம் சுமப்பவருக்கு இரண்டு கதவுக் காரில் உகந்த இடம் முன் ஆசனம்தான். நீண்ட கதவு அவருக்கு உண்மையிலேயே உதவி: வாசல் அகலம், முதுகைக் காட்டி இருக்கலாம், ஆசனத்தைப் பின்தள்ளிக் காலை நீட்டலாம். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. அவர் அவசரமாக இறங்க முடியாதவர். அவர் இறங்கினால்தான் பின்னவர் இறங்கலாம். தீயோ தண்ணீரோ என்று வந்தால் இந்த வரிசை உயிர்ப் பிரச்சினை.

நம் சட்டங்கள் இந்த அளவுக்கு உள்ளே வருவதில்லை. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது, கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகல் விதிகள் 2006இல் வந்தன, ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. சாய்தளம் உள்ள அலுவலகத்தின் வாசல்வரை ஒருவர் எந்த வாகனத்தில், எந்த ஆசனத்தில் வந்து சேர்கிறார் என்பது இன்னும் அவரவர் வீட்டுப் பாடாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் செயற்கைக் காலோடு நடக்கப் பழக்குகிறார்கள். காரில் ஏறி இறங்கப் பழகுவதை வீட்டாரும் கூடவிருந்து செய்யவேண்டும். சேதமான கால் எது என்பதைப் பொறுத்து எந்தப் பக்கக் கதவு வசதி என்பதும் மாறும்.

லக்கலவிலிருந்து திரும்பும்போது அக்கா எதுவும் கேட்காமல் பின் ஆசனத்துக்குள் நுழைந்து சாரதிக்குப் பின்னால் இருந்துகொண்டார். தம்பி வேண்டாம் என்றார். “ஏறு” என்றார் அக்கா. அவருடைய ஆசனத்தைக் கடைசிவரை பின்தள்ளினோம். மிச்சமிருந்த இடத்தில் நான் குறுக்காக இருந்தேன். இரத்தோட்டை வருவதற்குள் எனக்கு இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. இறங்குவதற்குத் தம்பிதான் கை கொடுத்தார்.