துங்கைக் கரையில் ஒரு வீட்டுமொழி

கர்நாடகத்தில் ஷிவமொக்காவுக்கு அருகே, துங்கை நதிக்கரையில், பாக்குத் தோட்டங்களுக்கிடையே அமைந்த சிற்றூர் மத்தூர். 1981-இல் நடந்த பயிற்சி முகாமுக்குப் பின் சம்ஸ்கிருதம் பேசும் ஊரெனப் புகழ்பெற்றது. காண வருவோரும் அதையே கேட்க விரும்புகின்றனர். நம் செவி நாடுவதோ வேறொன்றை.

அங்கு வாழும் சங்கேதி மக்கள், நாச்சாரம்மா என்னும் பெண்மணியைப் பின்பற்றித் தம் முன்னோர் செங்கோட்டையை விட்டுப் புறப்பட்டதாகக் கூறுவர். நூற்றாண்டுகள் பல கழிந்தும் அவர்தம் இல்லங்களில் வழங்கும் சங்கேதி மொழியில் தமிழின் சாயல் மறையவில்லை. மலையாளமும் கன்னடமும் விரவி நிற்கின்றன. அதற்கெனத் தனி எழுத்தில்லை, பள்ளிப் பாடமுமில்லை. தாய் பேசினால் குழந்தை பேசும். அவ்வளவே அதற்குள்ள பாதுகாப்பு. சம்ஸ்கிருதத்துக்கு முகாம் கூட்டலாம். அடுக்களைப் பேச்சுக்கு யார் கூட்டுவார்? கல்வியும் அலுவலும் நாடி இளையோர் பெங்களூர் செல்கின்றனர். அங்கே அண்டை வீட்டாருடன் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம்; இரவு உணவு வேளை ஒன்றே சங்கேதிக்கு எஞ்சுகிறது, பிற மாநிலங்களில் நம் தமிழுக்கு எஞ்சுவதைப் போலவே.