மடிக்கணினிக்கும் வேண்டும் குடிமராமத்து

உங்கள் வீட்டில், அல்லது சித்தப்பா வீட்டில், அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம், அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கிறதா? இருந்தால், அது இப்போது எங்கே இருக்கிறது? மேசையின் மேலா, பரணின் மேலா?

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்தவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கணினிகள் வழங்கப்பட்டன. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை, தாமிரபரணி பாயும் ஊர்களில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் ஓடுகிறதா என்று கேட்டால், “பேட்டரி போயிட்டு சார்” என்பதுதான் பெரும்பாலும் பதில்.

போனது பேட்டரி மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் முதலில் ஆப்பிரிக்கா வரை போய் வருவோம். அங்கும் இதே கதை, நம்முடையதைவிடக் கடினமான சூழ்நிலையில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கொலஸ் நெக்ரோபோன்டே என்ற பேராசிரியர், 2005ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை அறிவித்தார். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி. விலை 100 டாலர்தான்! அதே ஆண்டு நவம்பரில் டூனிஸ் நகரில் மாதிரிக் கணினி ஒன்றைக் காட்டினார்கள். மின்சாரம் இல்லாத ஊரிலும் இயங்க வேண்டும் என்று அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னான் அதைப் பிடித்துச் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது!

சிரிப்பு இருக்கட்டும்; இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சிறுவன் கையால் தொடர்ந்து சுற்றினால் 10 வாட் திறன் கிடைப்பதே பெரிது. சாதாரண மடிக்கணினிக்கு 30 வாட் வேண்டுமென்றால், ஒரு நிமிடம் படிக்க மூன்று நிமிடம் சுற்ற வேண்டும். படிப்பா அது, செக்கிழுப்பது! ஆகவே வடிவமைப்பாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். மின்சாரத்தைக் கூட்ட முடியாவிட்டால் தேவையைக் குறைப்போம் என்றார்கள். 2007இல் வெளிவந்த ‘எக்ஸ்-ஓ’ என்ற அந்தப் பச்சை நிறக் கணினி, ஐந்து வாட் அளவிலேயே வேலை செய்தது. (விலை மட்டும் 100 டாலரில் நிற்கவில்லை, 188 டாலர் ஆகிவிட்டது. கைப்பிடியும் கைவிடப்பட்டது.)

தேவையைக் குறைத்த வித்தைகளில் சிறந்தது அதன் திரை. மேரி லூ ஜெப்சன் என்ற பெண் பொறியாளர் அமைத்தது. சாதாரணக் கணினியை வேப்பமர நிழலில் வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கிவிடும். நட்டநடு வெயிலில் ஒன்றுமே தெரியாது. ஆனால் புத்தகம் வெயிலில் பளிச்சென்று தெரிகிறதே, ஏன்? வெள்ளைத் தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி கூடினால் தாளின் பொலிவும் கூடும். நேர் வெயிலில் அது ஒரு சதுர மீட்டருக்கு 25,000 கேண்டெலா வரை எட்டும். கணினித் திரையோ தன் முதுகில் உள்ள விளக்கை நம்பி இருக்கிறது. அதன் பொலிவு 250 கேண்டெலா அளவுதான். நூறில் ஒரு பங்கு! ஜெப்சனின் திரையில் வெயில் அடிக்கும்போது விளக்கை அணைத்துவிடலாம். உள்ளே ஒளியைத் திருப்பும் ஓர் அடுக்கு இருப்பதால், சூரிய ஒளியே தாளில் படுவதுபோல் பட்டுத் திரும்பி, எழுத்துகளைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். விளக்கு அணைந்ததால் மின்சாரமும் மிச்சம்.

இத்தனை நல்ல கருவியைக் கிராமத்துக்குக் கொண்டு போவது யார்? 2009ஆம் ஆண்டு கோடையில் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். ஓர் அணிக்கு 100 கணினிகளும் 10,000 டாலரும். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் பயிற்சி. அங்கிருந்து சியரா லியோன், மடகாஸ்கர், மொரிட்டானியா என்று பல நாடுகளுக்குப் பிரிந்து போனார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து, பள்ளியில் மின் இணைப்புக்கு வழி செய்து, ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, குழந்தைகளோடு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இது சிறிய பொறுப்பு அல்ல.

கோடை முடிந்தது. மாணவர்கள் தங்கள் கல்லூரிக்குத் திரும்பினார்கள்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். மாணவர் ஊர் திரும்பிய மறுவாரம் ஒரு மின்னூட்டி பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரைக் கேட்பது? ஒரு பொத்தான் பிய்ந்துவிடுகிறது. மாற்றுப் பொத்தான் எந்த ஊர்க் கடையில் கிடைக்கும்? நூறு கணினியில் மாதம் இரண்டு படுத்தால்கூட, நான்கு ஆண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே படுத்துவிடும். சாதனத்தின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. குறைந்த அளவு பழுது எந்தப் பொருளிலும் உண்டு. அதைச் சரிசெய்ய ஊரில் ஆள் இல்லாததே முடிவை மாற்றுகிறது.

பழுது நீங்கினாலும் படிப்பு வருமா என்பது அடுத்த கேள்வி. தென் அமெரிக்காவில் பெரு நாடு இந்தக் கணினிகளை எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கியது. 319 கிராமப் பள்ளிகளை ஒப்பிட்டு 2012இல் ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. கணினி பெற்ற பள்ளிக் குழந்தைகளின் கணித, மொழித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. பொது அறிவாற்றலைச் சோதிக்கும் தேர்வுகளில் மட்டும் ஓரளவு நன்மை தெரிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் தமிழ்க் குழந்தைகள் நிற்கிறார்கள்! காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் சுகதா மித்ரா என்ற அறிவியலாளர் ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே அறிந்த 26 குழந்தைகள். முன்னே ஒரு கணினி. அதில் ஆங்கிலத்தில் டி.என்.ஏ. பற்றிய பாடம். ஆசிரியர் இல்லை. சில மாதங்களில் அவர்கள் தேர்வில் 30 விழுக்காடு மதிப்பெண் பெற்றார்கள். பிறகு ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவர் கணக்கர் வேலை பார்ப்பவர், உயிரியல் தெரியாது. குழந்தைகளின் பின்னே நின்று, “அட, இது எப்படிச் செய்தாய்? மறுபடி காட்டு பார்ப்போம்” என்று பாட்டிபோல் வியந்து கேட்டதுதான் அவர் செய்த வேலை. மதிப்பெண் 50 விழுக்காட்டைத் தொட்டது. 26 பேர் என்பது சிறிய எண். ஒரு கிராமத்தை வைத்து விதி எழுதிவிடக் கூடாது. ஆயினும் பக்கத்தில் நிற்கும் மனிதர் கணினியின் பகுதிகளுள் ஒன்று என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றங்கரைக்குத் திரும்புவோம்

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள் உண்டு. 11 கால்வாய்கள் பிரிகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைகளுக்கு எத்தனை அழகான பெயர்கள்! அணையைக் கட்டிவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். கார் பருவத்துக்கும் பிசானத்துக்கும் முன்னால் ஆயக்கட்டுக்காரர்கள் கூடுவார்கள். வாய்க்காலில் அமலை அகற்றுவார்கள், தூர் வாருவார்கள், கரையை அடைப்பார்கள். வீட்டுக்கு இத்தனை ஆள் என்று நிலத்தின் அளவுப்படி வேலை வரும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கட்டியவர் போய்விட்டாலும் காப்பவர் ஊரிலேயே இருப்பார் என்பது அந்த ஏற்பாடு.

ஊருக்கு வரும் மடிக்கணினிக்கும் அதுதான் தேவை. அதைச் செய்யக்கூடிய ஆட்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். 1969 செப்டம்பர் 24இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமில் கோவிலைச் சுற்றிப் புல் செதுக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: வாரம் இரண்டு மணி நேரம் என்று பிரித்தால், 120 மணி 60 வாரத்துக்கு வரும். ஆண்டுக்கு 52 வாரம்தான்! பாளையங்கோட்டையில் படிக்கும் ஒருவர் சனிக்கிழமைதோறும் முக்கூடலுக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ தன் சொந்த ஊருக்கோ போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், ஆண்டு முழுவதும் அந்தக் கணினிகளுக்கு ஒரு காவலர் இருப்பார். அமெரிக்க மாணவர் கடல் கடந்து போனார். நம் மாணவர் டவுன் பஸ்ஸில் போய் வரலாம்.

2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், பெருந்தொற்றால் பள்ளி இழந்த குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லத் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக முன்வந்ததைப் பார்த்தோம். அவர்களில் பலர் அதே தெருவில் குடியிருக்கும் பெண்கள். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பரணில் என்ன நடக்கிறது?

இனி பேட்டரிக்கு வருவோம். லித்தியம் அயனி மின்கலத்தில், மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராபைட் தகட்டுக்குள் சென்று தங்குகின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. அது சிறிது சிறிதாக லித்தியத்தை விழுங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த விழுங்கல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்காக விட்டால், ஒரு கலத்தின் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட கலத்தில் மின்னேற்றினால் தீப்பிடிக்கலாம் என்பதால், பாதுகாப்புச் சில்லு மின்னோட்டத்தை உள்ளே விடுவதில்லை. நாம் “செத்துப் போச்சு” என்கிறோம். பாதி மின்னேற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஏற்றியிருந்தால் அது இன்னும் சில ஆண்டு உழைத்திருக்கும்.

பேட்டரி போனாலும் கணினி போனதாகப் பொருளில்லை. பழைய மாதிரிகள் பலவற்றில் அடியில் உள்ள தாழைத் தள்ளிப் பேட்டரியைக் கழற்றிவிடலாம். பிறகு நேரே மின்னூட்டியில் இணைத்தால் பெரும்பாலானவை இயங்கும். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது. பெரியவர்களிடம் சொல்லி மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்க்க வேண்டும். தேதி பல ஆண்டு பின்னே காட்டினால், உள்ளே இருக்கும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கிறது; அதன் விலை சில பத்து ரூபாய்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்தில் நனைந்ததா? அப்படியானால் மின் இணைப்புக் கொடுக்கும் முன் தெரிந்தவர் ஒருவர் திறந்து, சேற்றைத் துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும்.

விண்டோஸ் 7க்கு நிறுவனத்தின் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக இலேசான லினக்ஸ் ஒன்றை இலவசமாக நிறுவலாம். கிவிக்ஸ் என்ற நிரலின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே படிக்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ செயல்முறைகளில் மின்சுற்று, ஊசல், அலைகள் எல்லாம் உண்டு. தமிழிலும் பல கிடைக்கும். ஒரு கல்லூரி மாணவருக்கு இவற்றை நிறுவ ஒரு சனிக்கிழமை போதும். இவற்றோடு விளையாடக் குழந்தைகளுக்கு ஒரு வருடம் போதாது.

2025 மார்ச்சில் தமிழக வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவிப்பு வந்தது. அவற்றைப் பெறும் அண்ணன்மாரும் அக்காமாரும் இந்தப் பேட்டரிக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. உங்கள் வீட்டு மின்மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்குகிறதல்லவா? ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி கழற்றிய மடிக்கணினியை மட்டும் இயக்குங்கள். கால் மணி நேரத்தில் எத்தனை மினுக்கு என்று எண்ணுங்கள். 20 வந்தால், ஒரு மணிக்கு 80. அதாவது யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு, 25 வாட். இப்போது திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி கால் மணி நேரம் எண்ணுங்கள். எத்தனை குறைகிறது?