ஆட்டம் முடிந்தும் எழுந்து போகாத பார்வையாளர்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கான கெடு 2027 மே மாதம் என்று இந்தப் பக்கத்தில் எழுதியதும் வந்த கடிதங்களில் பல, செஸ் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பியவை. “மகள் ராத்திரியில் ஆன்லைனில் ஆடும்போது முன்பின் தெரியாத யாரோ பார்க்கிறார்கள், தடுக்க முடியாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். “பிரைவேட் என்று மாற்றிவிட்டேன், இனிப் பயமில்லைதானே?” என்கிறார்கள் சிலர். “மே மாதம் வந்துவிட்டால் பழைய ஆட்டங்களைத் தளங்களே அழித்துவிடுமா?” என்று நம்பிக்கையோடு கேட்டவர்களும் உண்டு.

எல்லோருடைய கவலையும் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை எட்டிப் பார்ப்பவரைச் சுற்றியே இருக்கிறது. அவரால் வரும் ஆபத்து குறைவு. ஆட்டம் முடிந்து பிள்ளை தூங்கப் போன பிறகு அந்தப் பதிவு எங்கெங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்வையாளர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

லீசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 8 எழுத்துகளில் ஒரு முகவரி உண்டு. ஆடுகிறவருக்கு மட்டும் அதோடு இன்னும் 4 எழுத்துகள் சேரும். 8 எழுத்து முகவரிக்கு ஏறத்தாழ 218 லட்சம் கோடி சாத்தியங்கள் இருப்பதால், குருட்டாம்போக்கில் தட்டி யாரும் உங்கள் மகளின் பலகையைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் அப்படிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. பயனர் பெயர் தெரிந்தால் போதும், அவர் அப்போது ஆடும் பலகை திறந்துகொள்ளும். பார்ப்பதற்குக் கணக்குகூட வேண்டாம். கணக்கோடு வருபவரின் பெயர் தெரியும். கணக்கில்லாமல் வருபவர் வெறும் எண்ணிக்கைதான். இதனால், ஒருவரை பிளாக் செய்தாலும் அவர் பார்ப்பதைத் தடுக்க முடியாது. கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டு அதே பலகையை அவர் திறந்துகொள்ளலாம்.

தளங்கள் “பாதுகாப்பு” என்று எழுதி வைத்திருப்பதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லீசெஸில் வெளி மென்பொருள் வழியாக நடப்பு ஆட்டங்களைக் கேட்டால், ஆட்டத்தின் வேகத்தைப் பொறுத்து 3 முதல் 60 வினாடிவரை தாமதித்தே நகர்த்தல்கள் கிடைக்கும். 2022 செப்டம்பரில் சின்க்பீல்டு கோப்பையில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற மேக்னஸ் கார்ல்சன் போட்டியிலிருந்து விலகியதும், அமைப்பாளர்கள் நேரலையை 15 நிமிடம் தாமதித்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கணினியைக் கேட்டு ஆடுகிறவருக்குச் சைகை காட்டிவிடக் கூடாது என்பதே இரண்டுக்கும் நோக்கம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்துடன் நிதி திரட்டுவதற்காக ஆடிய ஆன்லைன் ஆட்டத்தில், ஆட்டத்தை அலசியவர்களின் உதவியையும் கணினி உதவியையும் பெற்றதாகத் தொழிலதிபர் நிகில் காமத் பிறகு ஒப்புக்கொண்டார். ஆக, இந்தத் தாமதங்கள் காப்பது ஆட்டத்தின் நேர்மையை. ஆடும் பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதும் தளங்களை நம்பி நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இனி பதிவு. ரேட்டிங்குக்காக ஆடப்பட்ட ஆட்டங்கள் அனைத்தையும் மாதாமாதம் ஒரே கோப்பாகக் கட்டிப் பொதுவில் வைக்கிறது லீசெஸ். 2013 ஜனவரி முதலான ஆட்டங்கள் அங்கே இருக்கின்றன. பதிப்புரிமை கோரப்படாத பொதுச் சொத்து அது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், எதற்கும் பயன்படுத்தலாம். லாப நோக்கமில்லாத அந்தத் தளம் இதை ஒளித்துச் செய்யவில்லை என்பதையும், செஸ் ஆராய்ச்சி அதனால் பெரிதும் வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். செஸ்.காம் வேறு விதம். பயனர் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் ஒரு முகவரியில் போட்டால், அந்த மாதம் அவர் ஆடியவை முழுவதும் வந்து விழும். கடவுச்சொல் கேட்பதில்லை. அதே வழியில் அவர் கணக்குத் தொடங்கிய நாள், நாடு, கடைசியாகத் தளத்துக்கு வந்த நேரம் ஆகியவையும் கிடைக்கும்.

ஓர் ஆட்டத்தின் கோப்பைத் திறந்தால் என்ன தெரியும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். மேலே வெள்ளை யார், கறுப்பு யார், இருவரின் ரேட்டிங், ஆட்டம் முடிந்த விதம். தேதிக்குக் கீழே உலகப் பொது நேரத்தில் 15:32 என்று இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் வீட்டில் இரவு 9:02. பிறகு நகர்த்தல்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில், கடிகாரத்தில் மீதமிருந்த நேரம். 16ஆவது நகர்த்தலில் 2:11, 17ஆவதில் 1:24. மூன்று நிமிட பிளிட்ஸில் ஒரே நகர்த்தலுக்கு உங்கள் மகள் 47 வினாடி யோசித்திருக்கிறாள். அங்கேதான் அவளுக்குப் பிடி நழுவியது. லீசெஸின் மாதக் கோப்புகளில் இந்தக் கடிகார விவரம் 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது.

ஒரு கோப்பு அவ்வளவுதான் சொல்லும். மூன்று வருடக் கோப்புகளை வரிசையாக அடுக்கினால் கதை மாறிவிடும். பள்ளி விட்டு வீட்டுக்கு வரும் நேரம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கோ வகுப்புக்குப் போகிறாள் என்பது அந்த நேர மௌனத்திலிருந்து தெரியும். தேர்வு மாதம் தெரியும். நள்ளிரவு தாண்டியும் தோற்றுக்கொண்டே ஆடிய இரவுகள் தெரியும். ஆட்ட விஷயத்துக்கு இவ்வளவு மெனக்கெடவும் வேண்டாம். லீசெஸின் தொடக்கத் தேடலில் யாருடைய பயனர் பெயரையும் தட்டி நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் வந்தால் அவர் எப்படிப் பதில் சொல்வார், அதில் எத்தனை சதவீதம் ஜெயித்திருக்கிறார் என்பது பட்டியலாக வரும். நாளைய மாநிலப் போட்டியில் அவளுக்கு எதிரே உட்காரப் போகும் பிள்ளையின் கோச்சுக்கு வேறென்ன வேண்டும்?

“உண்மைப் பெயரில் ஆடவில்லையே, புனைபெயர்தானே?” என்று பல பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். தளங்களும் இதைத்தான் சொல்கின்றன: பயனர் பெயர் போதும், அடையாளம் கேட்பதில்லை என்று. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த இடம்தான்.

2021இல் நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ரீட் மெக்கில்ராய்-யங், ஆஷ்டன் ஆண்டர்சன், ஜான் கிளைன்பெர்க் உள்ளிட்டோர் எழுதியது. ஒருவர் ஆடிய 100 ஆட்டங்களைக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு நடுவே அவர் யார் என்பதை 98 சதவீதம் சரியாகச் சொல்லும் முறை அது. வல்லுநர்களின் பாணியைக் கண்டுகொள்வது புதிதல்ல. ஆனந்தின் ஆட்டத்தையும் கார்ல்சனின் ஆட்டத்தையும் பெயரை மறைத்துக் காட்டினாலும் பிரித்துச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. இங்கே இயந்திரம் பயின்றது சாதாரண ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை. அவற்றில் பயின்றுவிட்டு கிராண்ட்மாஸ்டர்களையும் அடையாளம் கண்டது.

செய்யும் முறை நுட்பமானது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கான கணித உத்தி ஒன்றை ஆய்வாளர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்களை இயந்திரம் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஒரே ஆளின் பல ஆட்டங்களுக்கான வரிசைகள் ஒன்றுக்கொன்று அருகே விழும்படியும், வேறு ஆளுடையவை தள்ளி விழும்படியும் அதைப் பயிற்றுவிக்கிறார்கள். பிறகு பெயர் தெரியாத ஒருவரின் ஆட்டங்களைக் கொடுத்தால், அவை யாருடைய கும்பலுக்கு அருகே விழுகின்றன என்று பார்த்தால் போதும். வழக்கமான தொடக்கங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறதோ என்ற ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆரம்ப நகர்த்தல்களை வெட்டிவிட்டுச் சோதித்தபோதும் பெரும்பாலும் சரியான ஆளையே காட்டியது. ஒரு பிள்ளை குதிரையை எப்போது விட்டுக்கொடுக்கிறது, எந்த நிலையில் பொறுமை இழக்கிறது, ராணிகளை வெட்டிக்கொள்ளத் தயங்குகிறதா என்பவை சேர்ந்து கையெழுத்துபோல் ஆகிவிடுகின்றன. அந்தக் கையெழுத்து தனக்கு இருக்கிறது என்பது பிள்ளைக்கே தெரியாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுப் பெயரில் ஆரம்பித்தால், 100 ஆட்டங்களுக்குள் புதியதையும் பழையதையும் முடிச்சுப் போட முடியும். பழைய கணக்கை நேரில் தெரிந்த ஒருவர் அறிந்திருந்தால் பெயரும் வந்துவிடும். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் பெற்ற பிள்ளையாக இருந்தால், பெயரும் பிறந்த ஆண்டும் ஃபிடே தளத்திலேயே எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் ரகசியமாக எடுக்கப்பட்டதல்ல. எல்லாம் பொதுவில் கிடப்பவை. ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் இதன் தார்மீகச் சிக்கல்களைப் பேசியிருக்கிறார்கள். நம் சட்டம் பேசவில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் குடிமக்களை மையமாகக் கொண்டது என்கிறது. 9ஆம் பிரிவைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்: 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். ஆனால் 3ஆம் பிரிவு, ஒருவர் தம் தரவைத் தாமே பொதுவெளியில் வைத்திருந்தால் அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. சமூக ஊடகத்தில் தன் கருத்தை எழுதும் ஒருவரைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. 12 வயதுப் பெண் ‘ஆடு’ என்ற பொத்தானை அழுத்தினால், அவள் தன் தரவைப் பொதுவெளியில் வைத்ததாக ஆகுமா? அவள் செய்தது சிப்பாயை நகர்த்தியது மட்டும். பதிவைப் பொதுவில் வைத்தது தளம். அந்தப் பதிவிலிருந்து தூங்கும் நேரத்தையும் ஆட்டக் கையெழுத்தையும் பிரித்தெடுப்பவர் மூன்றாம் ஆள். அவர் வெளிநாட்டில் இருந்து, இந்தியாவில் இருப்பவர்களுக்கு எந்தச் சேவையும் வழங்காதவராக இருந்தால், சட்டம் அவரைத் தொடாது. தளங்கள் 3ஆம் பிரிவின் பின்னால் ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் இந்த இடத்தைத் தெளிவாக்கியிருக்க வேண்டும். கெடுவுக்குள் அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டால்கூடப் போதும்.

நடத்தைக் கண்காணிப்புக்கான தடையிலும் சிக்கல் உண்டு. ஏமாற்றுபவரைப் பிடிக்க ஒவ்வொரு தளமும் நகர்த்தல் நேரங்களை அலசியே தீர வேண்டும். நேர்மையாக ஆடும் பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு. மருத்துவ நிலையங்கள், கல்வி நிறுவனங்கள், குழந்தைக் காப்பகங்கள் போன்றவற்றுக்கு விதிகள் விலக்கு தந்திருக்கின்றன. செஸ் தளங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, தேவையான கண்காணிப்புக்கு அனுமதி எழுதப்படவில்லை, தேவையில்லாத அம்பலத்துக்குத் தடையும் எழுதப்படவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

‘பிரைவேட்’ அமைப்பு போதுமா? யார் செய்தி அனுப்பலாம், யார் ஆட்டத்துக்கு அழைக்கலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். ஆட்டப் பதிவை மூடாது.

லீசெஸின் ஜென் முறை? உங்கள் திரையில் ரேட்டிங்கையும் உரையாடலையும் மறைக்கும். பார்ப்பவர் திரையில் எதுவும் மாறாது.

குழந்தைகளுக்கான முறை? அரட்டையும் செய்திகளும் நிற்கும், சிறு பிள்ளைகளுக்கு அவசியம் போடுங்கள். ஆட்டங்கள் திறந்தே இருக்கும்.

ரேட்டிங் இல்லாத ஆட்டம்? மாதக் கோப்பில் சேராது, கணக்குப் பக்கத்தில் தெரியும்.

கணக்கை மூடினால் ஆட்டங்கள் போய்விடுமா? ஒவ்வோர் ஆட்டமும் எதிராளியுடையதும்தான் என்பதால் நகர்த்தல்கள் இருக்கும்; ஏற்கெனவே உலகெங்கும் இறக்கப்பட்ட கோப்புகளை யாராலும் திரும்பப் பெற முடியாது.

2027 மே வந்தால் பழையவை தாமாக அழியுமா? இல்லை, பழைய ஒப்புதலுக்குத் தளம் ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, நீங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறும்வரை தொடரலாம்.

பயனர் பெயரில் எதைத் தவிர்க்க வேண்டும்? உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, பள்ளி, ஊர்.

போட்டிக்கென்று வைத்திருக்கும் தொடக்கத்தை எங்கே பயிற்சி செய்வது? கணக்குக்குள் நுழையாமல், தெரிந்தவருக்கு மட்டும் இணைப்பை அனுப்பி, ரேட்டிங் இல்லாமல்.